சிபியுவின் முதுகில் இருக்கும் சுவிட்ச்

மேசைக் கணினியின் பெட்டியை, நாம் சிபியு என்று சொல்லிப் பழகிய அந்தப் பெட்டியை, திருப்பி வைத்துப் பார்த்தால் மின்கம்பி செருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கறுப்பு சுவிட்ச் இருக்கும். ஒரு முனையில் கோடு, மறுமுனையில் வட்டம். கணினி வீட்டுக்கு வந்த நாளில் யாரோ ஒருவர் அதைப் போட்டிருப்பார். அதற்குப் பிறகு பெரும்பாலான வீடுகளில் அது சுவரைப் பார்த்தபடியே கிடக்கும். வேலை இல்லாத நேரத்தில் அதை அணைக்க வேண்டுமா என்று கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். அணைக்காவிட்டால் கரன்ட் வீணாகும், பில் ஏறும் என்பார்கள் சிலர். அடிக்கடி அணைத்துப் போட்டால் எஸ்.எம்.பி.எஸ்., அதாவது வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் மின்வழங்கி, போய்விடும், தொடாமல் இருப்பதே நல்லது என்பார்கள் வேறு சிலர். முதல் பதில் நல்ல செயல் ஒன்றைத் தவறான காரணம் காட்டிப் பரிந்துரைக்கிறது. இரண்டாவது, கண்ணால் கண்ட ஒரு நிகழ்வுக்குப் பொருந்தாத காரணம் கற்பித்ததால் வந்தது. வேலை முடிந்து கணினியை ஷட் டவுன் செய்தபின் அந்தச் சுவிட்சையும் அணைத்துவிடுவது, குறிப்பாக நம் ஊர் மின்சாரத்தில், நல்ல பழக்கம். ஆனால் அதில் மிச்சமாவது பணம் என்று எண்ணினால் ஏமாற்றம்தான் கிடைக்கும். அங்கே காப்பாற்றப்படுவது கருவி.

இதைப் புரிந்துகொள்ள, ஷட் டவுன் ஆன கணினிக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1981-இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் பி.சி.யின் பக்கவாட்டில் பெரிய சிவப்பு சுவிட்ச் ஒன்று இருந்தது. அது வீட்டு மின்சாரத்தை நேரடியாகத் துண்டித்தது. 1990களின் நடுப்பகுதி வரை வந்த கணினிகளிலும் ஏற்பாடு ஏறத்தாழ இதுதான். விண்டோஸ் 95-இல் வேலையை முடித்துவிட்டு வெளியேறினால், இனி கணினியை அணைக்கலாம் என்று திரையில் ஒரு வரி வந்து நிற்கும். அணைப்பது மனிதரின் வேலையாக இருந்தது. 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். வடிவமைப்பு இதைத் தலைகீழாக்கியது. அதன்படி முன்பக்கப் பொத்தானுக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பொத்தானை அழுத்தினால் மதர்போர்டுக்கு, கணினியின் முதன்மைப் பலகைக்கு, ஒரு சிறு சமிக்ஞை மட்டும் போகிறது. மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து வரும் பச்சைக் கம்பியைத் தரையோடு இணைக்கிறது. அதை உணர்ந்த பிறகே எஸ்.எம்.பி.எஸ்ஸின் பெரிய சுற்று ஓடத் தொடங்குகிறது. பொத்தான் அழுத்தப்படுவதைக் கவனிக்க யாராவது விழித்திருக்க வேண்டுமே? அதற்காகவே எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் தனியாக ஒரு குட்டி மின்சுற்று, ஊதாக் கம்பி வழியே 5 வோல்ட் மின்சாரத்தை மதர்போர்டுக்கு எப்போதும் தந்துகொண்டிருக்கிறது. ஸ்டேண்ட்பை என்று சொல்வது இதைத்தான். ஆகவே கணினி அணைந்து, விசிறி நின்று, திரை இருண்ட பிறகும் எஸ்.எம்.பி.எஸ்ஸின் உள்ளே நுழைவாயில் திறந்தே இருக்கிறது. 230 வோல்ட் மாறுமின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட். பெரிய மின்தேக்கி, கடைக்காரர்கள் சொல்லும் கெபாசிட்டர், அந்த 325 வோல்ட்டைத் தாங்கிக்கொண்டு இரவு முழுவதும் நிற்கிறது. இந்த நிலையைப் பெட்டியிலேயே முடித்துவைக்க இருப்பது பின்பக்கச் சுவிட்ச் ஒன்றுதான். சுவரில் உள்ள சுவிட்சும் அதே வேலையைச் செய்யும்.

இந்தக் காத்திருப்புக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகிறது? ஒரு காலத்தில் இது அலட்சியம் செய்யக்கூடிய அளவாக இருக்கவில்லை. டி.வி., வீடியோ பிளேயர், கணினி என்று எல்லாக் கருவிகளும் அணைந்த நிலையிலும் பல வாட் தின்றுகொண்டிருந்ததை அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் மையர் போன்றவர்கள் அளந்து காட்டினார்கள். எந்தக் கருவியும் காத்திருக்கும்போது 1 வாட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற யோசனையை 1998-இல் அவர் முன்வைத்தார். சர்வதேச எரிசக்தி முகமை அடுத்த ஆண்டே அதைத் தன் கொள்கையாக ஏற்றது. 2001-இல் அமெரிக்க அரசு தன் அலுவலகக் கொள்முதலுக்கு அதை நிபந்தனையாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் சட்டம் செய்து, அணைந்த நிலைக்கு முதலில் 1 வாட், 2013 முதல் அரை வாட் என்று வீட்டு, அலுவலகக் கருவிகளுக்கு வரம்பு கட்டியது. உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்யும் நிறுவனங்கள் ஐரோப்பாவுக்கு ஒரு வடிவம், நமக்கு ஒரு வடிவம் என்று பெரும்பாலும் செய்வதில்லை. அதனால் அந்தச் சட்டத்தின் பலன் இங்கும் வந்து சேர்ந்தது. பொதுநன்மைக்காக எழுதப்பட்ட ஒரு விதி, யாரும் கவனிக்காத இடத்தில் சத்தமில்லாமல் வேலை செய்ததற்கு இது அருமையான எடுத்துக்காட்டு. இன்று நல்ல எஸ்.எம்.பி.எஸ். உள்ள கணினி ஷட் டவுன் நிலையில் அரை வாட்டிலிருந்து 2 வாட் வரை எடுக்கும். பழையதும் மலிவானதும் 5 வாட் வரை போகலாம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1 வாட் வருடம் முழுவதும் ஓடினால் 8.76 யூனிட். ஷட் டவுன் நிலையில் 2 வாட் எடுக்கும் கணினி ஒரு நாளில் 16 மணி நேரம் அப்படிக் கிடந்தால் வருடத்துக்கு 12 யூனிட்டுக்கும் குறைவு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கும் நம் மின்வாரியக் கணக்கில் அது பில்லுக்கு 2 யூனிட். இதற்காகக் குனிந்து மேசைக்கு அடியில் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அதே கணினியை ஷட் டவுன் செய்யாமலே, திரையை மட்டும் அணைத்துவிட்டு விட்டுப்போனால் கதை வேறு. சும்மா இருக்கும் மேசைக் கணினி 30 வாட்டிலிருந்து 80 வாட் வரை எடுக்கும். 60 வாட் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 16 மணி நேரம், வருடத்துக்கு 350 யூனிட். பில்லுக்கு 58 யூனிட். தமிழ்நாட்டின் வீட்டுக் கட்டணம் அடுக்கடுக்காக ஏறுவது. 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள அடுக்குகளின் சலுகையிலும் ஒரு பகுதி போய்விடும். எல்லையோரத்தில் நிற்கும் குடும்பத்துக்கு இந்த 58 யூனிட்டின் விலை, அதன் எண்ணிக்கை காட்டுவதைவிடக் கூடுதல். நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது. 350 யூனிட் என்றால் கால் டன். எனவே மின்சாரத்தைச் சேமிக்கும் பேச்சில் முதலிடம் பின்பக்கச் சுவிட்சுக்கு இல்லை. எழுந்து போகும்போது கணினியை ஸ்லீப்பில் போடுவதற்கும், நாள் முடிவில் ஷட் டவுன் செய்வதற்கும்தான். இரண்டையும் ஒரே கேள்வியாகக் குழப்பிக்கொள்வதால்தான் பின்சுவிட்சைத் தினமும் கவனமாக அணைக்கும் ஒருவர், பகல் முழுவதும் ஆளில்லாத மேசையில் கணினியை ஓடவிடுகிறார்.

இங்கே மல்டிமீட்டர் கையில் உள்ள சிலர் மறுப்புச் சொல்வார்கள். அணைந்த கணினியின் கம்பியில் மின்னோட்டத்தை அளந்தேன், 30 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது; அதை 230-ஆல் பெருக்கினால் 7, 8 வாட் வருகிறதே என்று. அளவு சரி, முடிவு தவறு. எஸ்.எம்.பி.எஸ்ஸின் வாசலில் மின்னிரைச்சலை வடிகட்ட ஒரு சிறிய மின்தேக்கி, மின்சாரத்துக்குக் குறுக்கே இணைக்கப்பட்டிருக்கும். அதன் அளவு 0.47 மைக்ரோ ஃபாரட் என்றால், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 34 மில்லி ஆம்பியர் அதன் வழியே போய்வரும். ஆனால் அது வாங்கிய ஆற்றலை அடுத்த கால் சுழற்சியிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறது, எதையும் செலவழிப்பதில்லை. மின்னோட்டத்தை மின்னழுத்தத்தால் பெருக்கினால் கிடைப்பது வோல்ட்-ஆம்பியர். வீட்டு மீட்டர் பணம் கேட்பது வாட்டுக்கு. உண்மையான வாட்டைக் காட்டும் செருகு மீட்டர் கொண்டு அளந்தால் அந்த 8, ஒன்றுக்குப் பக்கத்தில் இறங்கிவிடும்.

இன்னொரு பழைய நம்பிக்கை: கணினியைத் திரும்ப ஆரம்பிக்க ஆகும் மின்சாரம், ஓடவிடுவதைவிட அதிகம் என்பது. தொடங்கும்போது கணினி 100 வாட் எடுத்து ஒன்றரை நிமிடம் ஓடுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இரண்டரை வாட்-மணி ஆகிறது. சும்மா இருக்கும் கணினி மூன்று நிமிடத்துக்குள் அதைத் தீர்த்துவிடும். சுவிட்சைப் போட்ட கணத்தில் பாயும் பெருமின்னோட்டம் என்ன ஆகிறது என்று கேட்டால், அது பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் சில மில்லி விநாடியில் முடிந்துபோவது. வெறுமையாக இருக்கும் 470 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி 325 வோல்ட் வரை நிரம்புவதற்கு வேண்டிய ஆற்றல் 25 ஜூல். 60 வாட் கணினி அரை விநாடிக்குள் செலவிடும் அளவு அது.

ஆற்றலாகச் சிறிதென்றாலும் அந்தப் பாய்ச்சல் கருவியைத் தேய்க்காதா? இந்தக் கேள்விக்கு மதிப்பு உண்டு, ஏனென்றால் மின்னோட்டம் ஒரு கணம் பல பத்து ஆம்பியரைத் தொடுகிறது. வடிவமைப்பாளர்கள் இதற்காகவே வாசலில் தெர்மிஸ்டர் என்ற உறுப்பை வைக்கிறார்கள். குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை அதிகம், எனவே பாய்ச்சலை அடக்குகிறது. சூடானதும் தடை குறைந்து வழிவிடுகிறது. இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. ஓடிக்கொண்டிருந்த கணினியின் சுவிட்சை அணைத்த கையோடு திரும்பப் போடக்கூடாது. தெர்மிஸ்டர் இன்னும் சூடாக இருக்கும், மின்தேக்கியோ காலியாகத் தொடங்கியிருக்கும். தடுப்பார் இல்லாமல் மின்னோட்டம் பாயும். ஒரு நிமிடம் பொறுத்துப் போட்டால் இந்தக் கவலை இல்லை. நாளுக்கு ஒருமுறை அணைத்து மறுநாள் போடுவது, தெர்மிஸ்டர் நன்றாகக் குளிர்ந்திருக்கும் நிலையில் நடப்பது, எஸ்.எம்.பி.எஸ். எதற்காகச் செய்யப்பட்டதோ அதே நிலை. அந்தக் கறுப்பு சுவிட்சும் பொதுவாக 10,000 முறை இயக்குவதற்கென்று தரமிடப்படுவது. தினம் ஒருமுறை என்றால் 27 ஆண்டு. கணினி அவ்வளவு காலம் இருக்காது.

சூடாகிக் குளிர்வதால் பற்றவைப்புகள் விரிந்து சுருங்கிக் கீறல் விடும் என்பது இன்னொரு எதிர்வாதம். இயற்பியல் உண்மை. மேசைக் கணினியின் உறுப்புகள் ஒவ்வொரு நாளும் 30, 40 டிகிரி ஏறி இறங்குகின்றன. ஆனால் அந்த ஏற்ற இறக்கம் ஷட் டவுனில் நடந்துமுடிந்துவிடுகிறது. அதன்பின் மிஞ்சியிருக்கும் 1 வாட்டை அணைப்பதால் பெட்டிக்குள் வெப்பநிலை ஓரிரு டிகிரிகூட மாறாது. ஆகவே இந்த வாதம் பின்சுவிட்சைப் பற்றியதே அல்ல. கணினியை இரவில் ஷட் டவுன் செய்வதைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டாலும் எண்கள் அதற்குத் துணை நிற்பதில்லை. மேசைக் கணினிகளுக்கான பல ஹார்ட் டிஸ்குகள் 50,000 முறை நின்று தொடங்கத் தாங்கும் என்று அறிவிக்கப்பட்டவை. நாளுக்கு இரண்டு முறை நிறுத்தினாலும் 68 ஆண்டு ஆகும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் உறுப்பே இல்லை.

அப்படியென்றால், அணைத்துப் போட்டதால்தான் எஸ்.எம்.பி.எஸ். செத்தது என்று இத்தனை பேர் சொல்வது எப்படி? அவர்கள் கண்டது பொய்யல்ல. வருடக்கணக்கில் நன்றாக ஓடிய கணினி, வீட்டுக்கு வெள்ளையடிக்கவோ இடம் மாற்றவோ ஒருநாள் முழுவதும் துண்டிக்கப்படுகிறது. மறுநாள் சுவிட்சைப் போட்டால் உயிரில்லை. பழி நேராகச் சுவிட்ச் மேல் விழுகிறது. நடந்தது என்ன என்று பார்க்க, எஸ்.எம்.பி.எஸ்ஸில் உள்ள மின்தேக்கிகளின் ஆயுளைப் பார்க்க வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை உள்ளே ஈரமான மின்பகு திரவம் கொண்டவை. அந்தத் திரவம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி அடைப்பின் வழியே வெளியேறுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் விதி. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று அச்சிட்ட மின்தேக்கி, 65 டிகிரியில் 32,000 மணி நேரம் இருக்கும். கேட்க நிறைய, ஆனால் நாள் முழுவதும் ஓடினால் நான்கு ஆண்டைக்கூட எட்டாது. கணினியை நாளுக்கு நான்கு மணி நேரம் பயன்படுத்தும் வீட்டில், பெரிய சுற்று வருடத்துக்கு 1,460 மணி நேரம் உழைக்கிறது. சுவிட்சைத் தொடாத வீட்டில் ஸ்டேண்ட்பை சுற்று 8,760 மணி நேரம் உழைக்கிறது, ஆறு மடங்கு. அதுவும் இரவில் விசிறி நின்ற பிறகு, காற்றோட்டம் இல்லாத மூலையில். பல மலிவான எஸ்.எம்.பி.எஸ்களில் இந்தச் சுற்றின் குட்டி மின்தேக்கிகள் சூடாகும் உறுப்புகளை ஒட்டியே வைக்கப்பட்டிருக்கும். முதலில் சாகிறவை அவை. 2000களின் தொடக்கத்தில் தரம் கெட்ட மின்பகு திரவத்தோடு உலகெங்கும் விற்கப்பட்ட மின்தேக்கிகள், தலை வீங்கி ஒழுகி, மதர்போர்டுகளையும் எஸ்.எம்.பி.எஸ்களையும் கூட்டம் கூட்டமாகக் கொன்றதை ரிப்பேர் கடை வைத்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

காய்ந்துகொண்டிருக்கும் மின்தேக்கியின் உள்தடை கூடிக்கொண்டே போகும். ஆனால் அது சூடாக இருக்கும்வரை அந்தத் தடை சற்றே குறைந்து, சுற்று எப்படியோ ஓடிக்கொண்டிருக்கும். ஓடும் சுற்றைத் தொடர்ந்து ஓடவைப்பது, நின்ற சுற்றைத் தொடங்கவைப்பதைவிட எளிது. ஆறிப்போன பிறகு தடை திடீரென்று ஏறிவிடுகிறது. தொடங்குவதற்கான உந்துதல் போதவில்லை. ஆகவே ஒருநாள் அணைத்துவைத்தது அந்த எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கொல்லவில்லை. பல வருடம் அணைக்காமல் வைத்திருந்தது அதை ஏற்கெனவே கொன்றிருந்தது, அணைத்தபோது தெரியவந்தது. சில பழுதான பெட்டிகள் அரைமணி நேரம் சுவிட்ச் போட்டே வைத்திருந்தால், ஸ்டேண்ட்பை சுற்று மெல்லச் சூடேறி, பிறகு பொத்தானுக்கு எழுந்துகொள்வதும் இதனால்தான். அணைக்காதே என்ற அறிவுரைக்கு அடிப்படையாக இருக்கும் நிகழ்வே, கூர்ந்து பார்த்தால், அணைப்பதற்கான வலுவான காரணமாக நிற்கிறது.

அடுத்தது மின்னழுத்தம். எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இது. நம் தெருக்களுக்கு மூன்று பேஸ் மின்சாரம் வருகிறது. ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு பேஸ்களுக்கு இடையே 400 வோல்ட். வீடுகள் மூன்று பேஸ்களிலும் பங்கிடப்பட்டு, பொதுவான நியூட்ரலில் சேர்கின்றன. மழைக்காற்றில் மரக்கிளை விழுந்தோ, துருப்பிடித்த இணைப்பு எரிந்தோ அந்த நியூட்ரல் அறுந்தால், வெவ்வேறு பேஸ்களில் உள்ள வீடுகள் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராக இணைந்துவிடுகின்றன. இனி யாருக்கு எவ்வளவு வோல்ட் என்பதைச் சுமைதான் தீர்மானிக்கும். ஏ.சி., மோட்டார் என்று சுமை கூடிய பக்கத்தில் மின்னழுத்தம் படுத்துவிடும். சுமை குறைந்த பக்கத்தில் 300, 350 என்று ஏறி 400-ஐ நெருங்கும். தெருவில் ஒரே நேரத்தில் பத்து வீட்டு டி.வி. போனது என்று செய்தி வருவது இப்படித்தான். எல்லோரும் ஊருக்குப் போய், எல்லா விளக்கையும் அணைத்து, ஸ்டேண்ட்பையில் கிடக்கும் சில கருவிகள் மட்டும் மீதமுள்ள வீட்டில் சுமை மிகக் குறைவு என்பதை இங்கே யோசித்துப் பாருங்கள். 400 வோல்ட்டின் உச்சம் 565. எஸ்.எம்.பி.எஸ்ஸின் பெரிய மின்தேக்கி தாங்குவது 400 அல்லது 450. கணினி ஷட் டவுன் ஆகியிருப்பது அங்கே எந்தக் காப்பும் தராது, வாசல் திறந்திருக்கிறது. சுவரிலோ பெட்டியின் பின்னாலோ சுவிட்ச் அணைந்திருந்தால் அந்த இரவு கணினிக்கு எதுவும் ஆகாது.

மின்வெட்டு முடிந்து கரன்ட் திரும்பும் நேரமும் இப்படிப்பட்டதே. ஒரே முறையாக வராமல் வந்து, போய், மறுபடி வந்து தடுமாறும்போது, மேலே சொன்ன தெர்மிஸ்டர் ஆறுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. பெரிய மோட்டார்களும் டிரான்ஸ்ஃபார்மர்களும் சேர்ந்து இயங்கத் தொடங்கும் அதிர்ச்சியும் அந்தச் சில விநாடிகளில்தான் வருகிறது. எஸ்.எம்.பி.எஸ்ஸிலும் ஸ்பைக் பஸ்டரிலும் உள்ள வேரிஸ்டர் என்ற காவல் உறுப்பு ஒவ்வோர் அடியையும் வாங்கிக்கொண்டு தானும் கொஞ்சம் தேய்கிறது. பல வருடம் ஆன ஸ்பைக் பஸ்டரில் விளக்கு எரிவது, காவல் இன்னும் இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

ஆனால் இடிக்கு இந்தச் சுவிட்சை நம்பக்கூடாது. சித்திரை, வைகாசியின் கோடை இடியும், ஐப்பசி, கார்த்திகையின் பருவமழை இடியும் அருகில் இறங்கினால் கம்பிகளில் பல ஆயிரம் வோல்ட் தூண்டப்படும். சுவிட்சின் உள்ளே உள்ள இடைவெளி சில மில்லிமீட்டர்தான். அதைத் தாண்டிப் பொறி பாய முடியும். பல சுவிட்சுகள் ஒரு கம்பியை மட்டும் துண்டிப்பவை. மற்றதும் எர்த்தும் இணைந்தே இருக்கும். பழைய வீடுகளில் பிளக் பாயின்டில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் அணைத்த பிறகும் பேஸ் உள்ளே நிற்கும். எனவே இடி மழைக்கு ஒரே காப்பு, பிளக்கைப் பிடுங்கி வைப்பது. இன்டர்நெட் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளையும் சேர்த்தே பிடுங்க வேண்டும். மின்கம்பியைக் கழற்றிவிட்டு இந்தக் கேபிளை மறந்தால், ரவுட்டரின் அடாப்டர் வழியாக ஏறும் அதிர்ச்சி கேபிள் வழியே மதர்போர்டுக்குப் போகும். பெட்டியைத் திறந்து உள்ளே கைவைக்கும் முன்பும் சுவிட்ச் போதாது, பிளக் வெளியே இருக்க வேண்டும்.

தினமும் அணைப்பதால் இழப்பே இல்லையா? உண்டு, ஆனால் சிறிது. மதர்போர்டில் நாணயம் போல ஒரு லித்தியம் பேட்டரி இருக்கும், சி.ஆர்.2032. நேரத்தையும் அமைப்புகளையும் காப்பது அது. ஸ்டேண்ட்பை மின்சாரம் இருக்கும்போது அதற்கு ஓய்வு. இல்லாதபோது கடிகாரம் அதிலிருந்து சில மைக்ரோ ஆம்பியர் எடுக்கும். 220 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவில் 5 மைக்ரோ ஆம்பியர் எடுத்தாலும் இடைவிடாமல் ஐந்து ஆண்டு வரும். கணினி தேதி பின்னோக்கிப் போய், இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டத் தொடங்கினால் பேட்டரியை மாற்ற வேண்டிய நேரம். சில பத்து ரூபாய்ச் செலவு. வேறு இடத்திலிருந்து நெட்வொர்க் வழியே கணினியை எழுப்ப வேண்டியவர்கள், குறித்த நேரத்தில் தானாக எழுந்து பேக்கப் எடுக்கும்படி வைத்திருப்பவர்கள் சுவிட்சை அணைக்க முடியாது. ஸ்டேண்ட்பை இருப்பதே அவர்களுக்காக. மின்சாரம் சீராக வரும் ஊரில், தரமான புது எஸ்.எம்.பி.எஸ். வைத்திருப்பவர் அதைத் தொடாமலே இருந்தாலும் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை.

யு.பி.எஸ். உள்ள வீட்டில் எதை அணைப்பது என்பது தனிக் குழப்பம். சுவர் சுவிட்சை அணைத்தால் யு.பி.எஸ். கரன்ட் போய்விட்டதாக எண்ணிக் கத்தும். அதையும் அணைத்துப் பல வாரம் வைத்தால், சார்ஜ் ஏறாத ஈயப் பேட்டரி தன்னால் இறங்கி, உள்ளே சல்பேட் படிந்து கெடும். பெரும்பாலான வீட்டு யு.பி.எஸ்கள் முன்பொத்தான் அணைந்திருந்தாலும் சுவரில் மின்சாரம் இருக்கும்வரை சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். ஆகவே அன்றாடத்துக்கு யு.பி.எஸ்ஸின் பொத்தானையும் சிபியுவின் பின்சுவிட்சையும் அணைத்து, சுவரை விட்டுவைப்பது சரியாக இருக்கும். பின்சுவிட்ச் உண்மையில் தன் இடத்துக்குப் பொருந்துவது இந்த ஏற்பாட்டில்தான். வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகும்போது மட்டும் சுவர் பிளக்கும் வெளியே வரட்டும்.

அணைக்கும் முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஸ்லீப் நிலையில் கணினி இறந்ததுபோல் தோன்றினாலும், திறந்திருக்கும் கோப்புகள் ராம் நினைவகத்தில் அந்த 5 வோல்ட் ஸ்டேண்ட்பை மின்சாரத்தை நம்பியே உயிரோடு இருக்கின்றன. அப்போது சுவிட்சை அணைத்தால் சேமிக்காதது போய்விடும். ஹைபர்னேட் அப்படியல்ல, நினைவகத்தில் உள்ளதை டிஸ்கில் எழுதிவிட்டுக் கணினி தானே அணைந்துவிடுகிறது. அதன்பின் பிளக்கையே பிடுங்கினாலும் வேலை விட்ட இடத்தில் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு ஸ்லீப், இரவுக்கு ஷட் டவுன் அல்லது ஹைபர்னேட், விசிறி நின்றபின் பின்சுவிட்ச் என்று வைத்துக்கொள்ளலாம்.

பள்ளி, கல்லூரிக் கணினிக்கூடங்களில் இதே கணக்கு பல மடங்காகப் பெருகுகிறது. 40 கணினிகள் ஷட் டவுன் செய்யப்படாமல் ஓர் இரவு 16 மணி நேரம் கிடந்தால் 38 யூனிட். ஷட் டவுன் செய்து சுவிட்சை மட்டும் விட்டால் ஒன்றேகால் யூனிட். மாலையில் கூடத்தைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை இறக்கும் வழக்கம் உள்ள இடங்கள் நல்லதையே செய்கின்றன. ஆனால் காலையில் அதை ஏற்றும்போது 40 காலி மின்தேக்கிகளும் ஒரே கணத்தில் நிரம்பப் பாய்வதால் எம்.சி.பி., அதாவது மின்னோட்டம் மிகும்போது தானே துண்டிக்கும் சுவிட்ச், விழுந்துவிடும். உடனே பெரிய எம்.சி.பி. மாட்டிவிடுகிறார்கள், அது கம்பியைக் காக்கும் காவலைத் தளர்த்துவதாகும். வரிசைக்கு ஒரு சுவிட்ச் வைத்து, ஒவ்வொரு வரிசையாகச் சில விநாடி இடைவெளியில் போட்டால் பழைய எம்.சி.பி.யே போதும். பல வருடமாக ஒருமுறைகூட அணைக்கப்படாமல் ஓடும் பழைய கணினி ஏதேனும் அந்தக் கூடத்தில், மாணவர் பதிவேடுகளையோ மதிப்பெண்களையோ வைத்துக்கொண்டு இருந்தால், அதை முதல்முறை அணைக்கும் முன் தரவு முழுவதையும் வேறு டிஸ்கில் நகலெடுத்து, மாற்று எஸ்.எம்.பி.எஸ். ஒன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் விடுமுறையாக உள்ள மாலையில் செய்ய வேண்டும்.